பார்த்துவிட்டு வரட்டும்

“எந்த மடம்? எத்தனை நாளைக்கு? அப்புறம் புள்ள திரும்பி வருமா?”

ருவான்வெல்லைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றில், ஒரு வீட்டுப் பெண்பிள்ளை லீவுக்குச் சிஸ்டர்மாரோடு போய்த் தங்கப்போகிறாள் என்று தெரிந்தால் லயத்தில் எழும் கேள்விகள் இவை. அதே பிள்ளை அவிசாவளை சீத்தாவக்கைப் பேட்டையில் கார்மன்ட் வேலைக்குப் போகிறாள் என்றால் ஒரே கேள்விதான்: சம்பளம் எவ்வளவு? கொழும்பில் யாரோ ஒருவர் வீட்டில் வேலைக்கு நிற்கப்போகிறாள் என்றால், அவள் எந்த அறையில் படுப்பாள், கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்றுகூட நாம் கேட்பதில்லை. பெண்கள் மட்டும் வாழும் வீடொன்றில் சில வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்றால்தான் நமக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பயத்தில் பாதி நியாயமானது. மீதிப் பாதியைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கவேண்டும்.

இந்த ஊருக்குக் கோடை விடுமுறை என்று தனியாக ஒன்று கிடையாது. மாசி, பங்குனியில் இறப்பர் மரம் இலை கொட்டும், பால் குறையும். சித்திரைப் புதுவருஷம் கழிந்து வைகாசி பிறந்தால் தென்மேல் பருவமழை இறங்கிவிடும். மரம் நனைந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் பேரும் இல்லை, அன்றைய கூலியும் இல்லை. வீட்டில் கை வறளும் இந்தக் காலத்தில்தான், உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருக்கும் பிள்ளையும் பெரும்பாலும் சும்மா இருப்பாள். பெறுபேறு வர மாதக்கணக்காகும். பல்கலைக்கழகம் கிடைத்தாலும் உள்ளே கால் வைக்க இன்னும் நாள் போகும். அந்த இடைவெளியில்தான் தரகரும் வருவார், கார்மன்ட் பஸ்ஸும் வரும், கல்யாணப் பேச்சும் வரும். எப்போதாவது ஒரு பிள்ளைக்குச் சிஸ்டர்மாரின் அழைப்பும் வரும்.

கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் கத்தோலிக்கர் சொற்பம். 1995இல்தான் இந்த இரண்டு மாவட்டங்களுக்குமாக இரத்தினபுரி மறைமாவட்டம் பிறந்தது. அதன் முதல் ஆயர் மல்கம் ரஞ்சித், பிறகு கொழும்புப் பேராயராகிக் கர்தினாலும் ஆனார். சிங்கள பௌத்தர் பெரும்பான்மையாகவும், தோட்டத்தில் இந்துக்கள் பெரும்பான்மையாகவும் வாழும் பூமியில் கன்னியர் மடம் என்பது எல்லாச் சந்தியிலும் காணக்கூடிய கட்டடமல்ல. நம் ஆட்களுக்குக் ‘கொன்வென்ட்’ என்றால் பள்ளிக்கூடம் அல்லது போடிங். சிஸ்டர் என்றால் பிரம்போடு நிற்கும் ஆசிரியை. அந்த ஆசிரியை பள்ளி விட்டபின் எங்கே போகிறார், யாரோடு சாப்பிடுகிறார், சம்பளத்தை என்ன செய்கிறார் என்பது அநேகருக்குத் தெரியாது. போடிங்கில் ஐந்து வருஷம் இருந்த பிள்ளைக்குக்கூட, சிஸ்டர்மார் வாழும் பக்கத்துக் கதவுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்காது.

அந்தக் கதவுக்கு அப்பால் நடப்பது ரொம்பச் சாதாரணமானது. விடியுமுன் எழும்புவார்கள். பால்வெட்டுக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு அது புது நேரமல்ல. காலைச் செபம், தியானம், பூசை. பிறகு ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு, ஒருவர் பாலர் வகுப்புக்கு, ஒருவர் நோயாளி வீடுகளுக்கு, ஒருவர் சமையலுக்கு. சமையல் முறை வைத்து மாறும். மாலையில் செபமாலை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சேர்ந்து உட்கார்ந்து பேச்சும் சிரிப்பும், அதன்பின் மறுநாள் விடியும்வரை மௌனம். சம்பளம் எடுப்பவரின் சம்பளம் அவருக்கில்லை. சபையின் பொதுப்பணத்தில் சேர்ந்துவிடும். திருச்சபைச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது: துறவி தன் உழைப்பால் ஈட்டுவது அவர் சார்ந்த சபைக்கு உரியது. செருப்பு அறுந்தால் கேட்டுத்தான் வாங்கவேண்டும். முப்பது வருஷம் ஆசிரியையாக இருந்தவரும் கேட்டுத்தான் வாங்கவேண்டும்.

இதைப் பார்க்கும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன தோன்றும்? சிலருக்கு மூச்சு முட்டும். சிலருக்கு முதல் தடவையாக மூச்சு வரும். ஒரே காம்பராவில் ஆறேழு பேர் படுக்கும் லயத்திலிருந்து வருபவளுக்கு, ஒரு மேசை, ஒரு விளக்கு, இரவில் யாரும் பேசாத ஒரு மணிநேரம் என்பது சின்ன விஷயமல்ல. குடித்துவிட்டு வரும் ஆம்பிளைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு படுக்கத் தேவையில்லாத வீடு. கணக்கு எழுதுவதும், மின்சாரக்காரரோடு பேசுவதும், வாகனம் ஓட்டுவதும், முடிவெடுப்பதும் பெண்களே. கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை என்று மேலே மேலே ஆண்களையே பார்த்து வளர்ந்தவள் இதைப் பார்ப்பதே ஒரு படிப்பு என்பது என் அபிப்பிராயம். அதற்காக அவள் கன்னியாஸ்திரீ ஆகவேண்டும் என்று யார் சொன்னது?

சபைகளே இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் பிளஸ் டூ பரீட்சை முடிந்தபின் மே மாதத்தில் பல சபைகள் இறையழைத்தல் முகாம் நடத்தும். ‘வந்து பாருங்கள்’ என்று யோவான் நற்செய்தியில் இயேசு தன் முதல் சீடரிடம் சொன்ன வார்த்தைதான் அந்த முகாம்களின் அழைப்பு. அன்னை தெரேசாவின் சபையிலும் விரும்பி வருபவர் முதலில் வந்து தங்கிப் பார்க்கும் காலம் உண்டு. இலங்கையிலும் ஓ.எல், ஏ.எல் முடித்த பிள்ளைகளைச் சபைகள் இப்படி அழைப்பதுண்டு. முகாமின் நோக்கம் ஆள் சேர்ப்பது என்பதை மறைக்கவேண்டியதில்லை, அவர்களும் மறைப்பதில்லை. ஆனால் தங்கிப் பார்ப்பதற்கும் சேர்வதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது பெற்றோருக்குத் தெரியாததால்தான் பயம் பெரிதாகிறது.

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி, 17 வயது நிறையாத ஒருவரை நவகன்னியராக ஏற்றால் அது செல்லாது. நவகன்னியர் பயிற்சி குறைந்தது பன்னிரண்டு மாதம். அந்தக் காலத்தில் எந்த நாளிலும் அவள் வீட்டுக்குப் போகலாம், சபையும் அனுப்பலாம். அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாடு, மூன்று வருஷத்துக்குக் குறையாமல் ஆறு வருஷத்துக்கு மேற்படாமல்; தேவையானால் மொத்தம் ஒன்பது வரை நீட்டலாம். அந்தக் காலக்கெடு முடியும் நாளில் ‘போதும்’ என்றால் போதும்தான். 21 வயதுக்கு முன் நித்திய வார்த்தைப்பாடு இல்லை. ஆக, முழுதாகக் கன்னியாஸ்திரீ ஆகக் குறைந்தது நான்கு வருஷம் வேண்டும்; நடைமுறையில் சபைகள் அதைவிட நீளமாகத்தான் வைக்கின்றன. லீவுக்குச் சில வாரம் தங்குவது இந்த ஏணியின் முதல் படிக்கும் கீழே, தரையில் நிற்பது. கையெழுத்தில்லை, வாக்குறுதியில்லை.

ஆனாலும் “திரும்பி வருமா” என்ற கேள்வி வெறும் மூடத்தனத்தில் பிறந்ததல்ல. 1862இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த போர்தோ திருக்குடும்பக் கன்னியரும், 1869இல் கொழும்புக்கு வந்த நல்லாயன் கன்னியரும் கடல் தாண்டி வந்த ஐரோப்பியப் பெண்கள். லீவுக்கு ஊர் போய்வரும் காலமல்ல அது. 1928 டிசம்பர் கடைசியில் கொழும்பில் தங்கிப்போன ஒரு கப்பலில் 18 வயது அல்பேனியப் பெண்ணொருத்தி இருந்தாள். செப்டம்பரில் ஸ்கோப்யே ஊரைவிட்டுப் புறப்பட்டு, ஸாக்ரெப்பில் தாயிடம் விடைபெற்று, டப்ளினில் லொரேட்டோ கன்னியரோடு சில வாரம் தங்கி ஆங்கிலம் பழகி, கல்கத்தாவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். 1929 ஜனவரி 6 அன்று போய்ச் சேர்ந்தாள். உலகம் அவளை அன்னை தெரேசா என்று அறிந்தது. ஆனால் தன் தாயை அவள் பிறகு ஒருநாளும் பார்க்கவில்லை. நம் ஆச்சிமாரின் பயத்துக்கு இப்படியொரு பழைய நியாயம் உண்டு. இன்று சிஸ்டர்மார் வீட்டுக்கு லீவில் வருகிறார்கள், தாய் தகப்பன் சாவுக்கு வருகிறார்கள், வட்ஸ்அப்பில் பேசுகிறார்கள். சபைக்குச் சபை விதி மாறும், கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

என்னைக் கேட்டால், பெற்றோர் பயப்படவேண்டியது பிள்ளை திரும்பாமல் போவதற்கல்ல. திரும்பி வந்த பிள்ளையை நாம் நடத்தும் விதத்துக்குத்தான். “மடத்துல இருந்து ஓடி வந்தது” என்று ஒரு பட்டம் கட்டிவிடுவோம். அது கல்யாணம் வரைக்கும் துரத்தும். இருக்கப் பிடிக்காமல் வந்தாளா, தங்கிப் பார்த்துத் தெளிந்து வந்தாளா என்று கேட்க ஆளிருக்காது.

தமிழில் இதற்கு நாம் நினைவில் வைத்திருக்கவேண்டிய ஆள் எழுத்தாளர் பாமா. விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டிக்காரர். நம்மில் பலருடைய பூட்டன்மார் மண்டபம் முகாம் வழியாகக் கப்பலேறிய அந்தச் சீமைதான். தலித் கத்தோலிக்கக் குடும்பம். ஆசிரியையாக இருந்தவர், ஏழைப் பிள்ளைகளுக்கு வேலை செய்யலாம் என்று நம்பி மடத்தில் சேர்ந்தார். ஏழு வருஷம் இருந்தார். ஏழைகளுக்கென்று சொல்லப்பட்ட வாழ்க்கை பணக்காரப் பள்ளிகளின் சொகுசுக்குள் நடப்பதையும், மடத்துக்குள்ளும் சாதி உட்கார்ந்திருப்பதையும் பார்த்துவிட்டு வெளியே வந்தார். கையில் வேலையில்லை, காசில்லை, ஊரில் இடமில்லை. அந்த நிலையில் எழுதியதுதான் 1992இல் வந்த ‘கருக்கு’. தமிழ்த் தலித் தன்வரலாற்று எழுத்துக்கு அது வாசல் திறந்துவிட்டது. லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000இல் கிராஸ்வேர்ட் விருது பெற்றது. பிறகு ‘சங்கதி’, ‘வன்மம்’ என்று எழுதிக்கொண்டே இருந்தார், பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்.

பாமாவின் கதையை மடத்துக்கு எதிரான சாட்சியமாக மட்டும் வாசிப்பவர்கள் உண்டு. அப்படி வாசிக்க அதில் நிறையவே இருக்கிறது. எனக்கு அதில் படுவது வேறொன்று. அவர் வந்தார், பார்த்தார், போனார், பார்த்ததை எழுதினார். ஏழு வருஷம் வீணாகவில்லை. இங்கிலாந்தில் கேரன் ஆம்ஸ்ட்ரோங் 1962இல் பதினேழு வயதில் மடத்துக்குப் போய் 1969இல் வெளியேறினார். அந்த அனுபவத்தைக் கசப்போடு எழுதினார். பிறகு உலக மதங்களின் வரலாற்றை எழுதிப் பேர் பெற்றார். இவர்கள் இருவருக்கும் ஏழு வருஷம் தேவைப்பட்ட தெளிவு, இன்னொருத்திக்கு ஏழு வாரத்திலேயே வரக்கூடும். அதற்குத்தானே முதலில் தங்கிப் பார்ப்பது?

இப்போது கடலுக்கு அப்பால் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். அமெரிக்காவில் 1965இல் ஏறக்குறைய 1,80,000 கன்னியர் இருந்தார்கள். இன்று ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. இருப்பவர்களிலும் பெரும்பாலோர் மூத்தவர்கள். உலகம் முழுக்கவும் 1970களில் பத்து லட்சத்தை ஒட்டியிருந்த தொகை இப்போது ஆறு லட்சத்துக்கும் கீழே. மடங்களில் அறைகள் காலி. அந்த நேரத்தில், எந்த மதத்தையும் சேராத இளைஞர்கள் சிலர் சிஸ்டர்மாரைத் தேடிப் போனார்கள். 2016ஐ ஒட்டிச் சந்திப்புகளாகத் தொடங்கியது அது. 2018 கடைசியில் கலிபோர்னியாவின் பர்லிங்கேம் நகரில், இரக்கத்தின் சகோதரிகள் சபையின் மடமொன்றில், ஐந்து பேர் ஆறுமாதம் குடியிருக்கவே வந்துவிட்டார்கள். 2019இல் நியூயோர்க் டைம்ஸ் அதைப் பெரிதாக எழுதியது.

வந்தவர்கள் சமூக வேலையில் ஊறிய ஆட்கள். பூசைக்குப் பழகியவர்களல்ல; கற்பு வார்த்தைப்பாட்டில் நம்பிக்கையும் இல்லை. அவர்கள் கேட்டது இதைத்தான்: வாழ்நாள் முழுக்க ஒரே காரியத்துக்கு உழைத்து நீங்கள் எப்படிக் களைத்துப்போகாமல் இருந்தீர்கள்? சொத்தைப் பொதுவில் வைத்து எப்படிச் சண்டையில்லாமல் பிழைத்தீர்கள்? ஒரு நாளை மணிவாரியாகப் பங்கு பிரித்து வாழ்வது சுமையா, உதவியா? எண்பது வயதுச் சிஸ்டர்மாருக்கு, தாங்கள் சுமையென்று நினைத்திருந்த கட்டுப்பாட்டை இருபத்தெட்டு வயதுக்காரர் ஆசையாகக் கேட்பது ஆச்சரியம். யாரும் யாரையும் மதம் மாற்றவில்லை. காலம் முடிந்ததும் வந்தவர்கள் போனார்கள். ‘ஓடி வந்தது’ என்ற பட்டம் அங்கே யாருக்கும் கிடைக்கவில்லை.

கலிபோர்னியாப் பிள்ளைக்குப் பிடிக்காவிட்டால் போக ஒரு வாடகை அறையும் சம்பள வேலையும் உண்டு, ருவான்வெல்லைப் பிள்ளைக்கு லயத்து மூலைதான் உண்டு என்று வாசகர் சொல்லக்கூடும். சரிதான். அதுவே பெரிய வித்தியாசம். வறுமை தள்ளி மடத்துக்குள் போகும் பிள்ளை, சேர்வதா வேண்டாமா என்று சுதந்திரமாகத் தீர்மானிக்க முடியாது. மூன்று வேளைச் சாப்பாடும் தனிக் கட்டிலும்கூட இறையழைத்தல்போலத் தோன்றும். நல்ல சபைகள் இதை அறிந்தவை. அவசரப்படாதே, முதலில் படித்து முடி என்று திருப்பி அனுப்புகின்றன. அவசரப்படுத்தும் சபையென்றால் அங்கே பிள்ளையை விடாதீர்கள்.

இன்னொரு பயத்தையும் சொல்லிவிடவேண்டும்: “குசினியில போட்டுருவாங்க.” இது தோட்டத்துப் பெண்களின் கற்பனையல்ல. பழைய ஐரோப்பிய மடங்களில் படித்த, சீதனம் கொண்டுவந்த கன்னியருக்கு ஒரு வரிசை, கைவேலை செய்யும் கன்னியருக்கு இன்னொரு வரிசை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அந்தப் பிரிவை ஒழிக்கச் சொன்னது. ஒழிந்ததா? 2018 மார்ச்சில் வத்திக்கான் நாளிதழின் மகளிர் இணைப்பே, ஆயர்களுக்கும் குருக்களுக்கும் கூலியில்லாமல் சமைத்து, துவைத்துப் போடும் கன்னியரைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. 2019 பெப்ரவரியில் பாப்பரசர் பிரான்சிஸ், கன்னியர்மீது குருக்கள் நிகழ்த்திய பாலியல் கொடுமை உண்மை என்று பத்திரிகையாளரிடம் ஒப்புக்கொண்டார். ஆகவே, தங்கப்போகும் பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டுதான் போகவேண்டும். யார் சமைக்கிறார், யார் பரிமாறுகிறார், கறுத்த பிள்ளைக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் எந்த வேலை விழுகிறது, சிங்களச் சிஸ்டர்மாருக்கு நடுவில் தமிழில் செபிக்க இடமுண்டா என்றெல்லாம் பார்க்கட்டும்.

ருவான்வெல்லைக்கு இந்த மாதிரி வந்து தங்கிப் போவது புதிதுமல்ல. 1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் கேகாலை மாவட்டம் செத்து மடிந்தபோது இடதுசாரிச் சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் வந்து மருந்தும் சாப்பாடும் கொடுத்தார்கள். இன்றும் போயா நாளில் பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெண்பிள்ளைகள் வெள்ளை உடுத்திப் பன்சலையில் சில் எடுப்பார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் துறவியின் ஒழுக்கத்தில் இருந்துவிட்டு மறுநாள் வீட்டுக்கு வந்து வழக்கம்போல் சோறாக்குவார்கள். அவர்களைப் பார்த்து எந்தத் தாயும் “திரும்பி வருமா” என்று அழுவதில்லை.

நம் பக்கத்தில் அப்படியொரு வழக்கம் வரவேண்டுமென்றால் முதலில் சிஸ்டர்மார் கொஞ்சம் இறங்கி வரவேண்டும். “சேர விருப்பமில்லை, இருந்து பார்க்கத்தான் வருகிறேன்” என்று சொல்லும் பிள்ளைக்கும் கதவைத் திறவுங்கள். இந்துப் பிள்ளைக்கும் திறவுங்கள். தோட்டத்தில் பெரும்பாலோர் இந்துக்கள்தான், மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பயமும் அங்கேதான் அதிகம். திறந்து காட்டுவதைவிட அதற்கு வேறு மருந்தில்லை. அவளுக்குச் சமையற்கட்டை மட்டும் காட்டாமல் கணக்குப் புத்தகத்தையும் காட்டுங்கள். உங்கள் சண்டைகளையும் ஒளிக்காதீர்கள்.

பெற்றோருக்கு: பிள்ளை கேட்டால் மறிக்காதீர்கள், ஆனால் விசாரியுங்கள். எந்தச் சபை, எந்த ஊர், பொறுப்பான சிஸ்டர் யார், இரவில் எங்கே படுப்பாள், எந்தத் தேதியில் வருவாள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். போன் அவள் கையில் இருக்கட்டும். அடையாள அட்டையை அவளே வைத்திருக்கட்டும். பிறப்புச் சான்றிதழும் பரீட்சைச் சான்றிதழும் வீட்டிலேயே இருக்கட்டும். யார் கேட்டாலும் போட்டோப் பிரதி கொடுத்தால் போதும். பல்கலைக்கழக விண்ணப்பத் திகதியைத் தவறவிட்டுப் போகவேண்டாம். வந்தபின் “ஏன் வந்தாய்” என்று யாராவது வாசலில் நின்று கேட்டால், “லீவு முடிஞ்சிருச்சு, வந்துட்டா” என்று நீங்களே பதில் சொல்லி அனுப்பிவிடுங்கள்.